ஊர்தோறும் எழுத்தாளர் வட்டங்கள்: தொடங்குவதிலும் தொடர்வதே கடினம்

ஒவ்வோர் ஆண்டும் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்காக நாட்டின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆயிரக்கணக்கான மாணவர் பேனாவைக் கையில் எடுக்கின்றனர். பாடசாலை மட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாகத் தெரிவுசெய்யப்பட்டுச் சிலர் அகில இலங்கை மட்டம்வரை சென்று சான்றிதழும் பெறுகின்றனர். ஆக்க எழுத்தில் பரிசுபெற்ற மாணவியின் படம் பாடசாலைச் சஞ்சிகையில் வெளியாகின்றது. அதன் பின்னர் என்ன நடைபெறுகின்றது? உயர்தரப் பரீட்சை முடிந்து பாடசாலையை விட்டு வெளியேறிய அன்றே அவர் எழுதியதை வாசிப்பதற்கு ஆளில்லாமற் போய்விடுகின்றது. சிலர் பத்திரிகைகளுக்கு ஓரிரு ஆக்கங்களை அனுப்பிப் பார்க்கின்றனர். பிரசுரமாகாவிடின் ஏன் பிரசுரமாகவில்லை என்பதை எடுத்துச் சொல்வார் எவருமில்லை. பத்திரிகை அலுவலகங்களுக்கும் அதற்கான நேரமில்லை. பல ஆண்டுகளாக இத்தகைய கையெழுத்துப் பிரதிகளைக் கையாண்டவன் என்ற வகையில் இதனை ஓர் ஒப்புதலாகவே இங்கு கூற வேண்டியுள்ளது.

பத்திரிகையாலும் பாடசாலையாலும் நிரப்ப முடியாத இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை ஊர்களில் இயங்கும் எழுத்தாளர் வட்டங்களே. நம்மிடையே இத்தகைய வட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பெயர்களுக்கும் இலச்சினைகளுக்கும் குறைவேயில்லை. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகின்றன. எஞ்சுபவற்றுட் பல நூல் வெளியீட்டு விழாக் குழுக்களாக மாறிவிடுகின்றன. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதி பெறுவோர் அட்டவணை, நன்றியுரை என்று மாலைப்பொழுது கழிந்துவிடும். நூலைப் பற்றிப் பேச வந்தவருக்குக் கடைசியிற் பத்து நிமிடம் கிடைத்தால் அதுவே பெரிது. அந்நூலின் கையெழுத்துப் பிரதியை வெளியீட்டுக்கு முன்னர் வட்டத்தில் எத்தனை பேர் வாசித்தனர் என்று வினவினால் விடை பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும்.

நமது மண்ணின் அனுபவங்கள்

கூடி எழுதும் வழக்கம் நமக்குப் புதியதன்று. 1943ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றியபோது அதில் இணைந்த வரதர், அ.செ. முருகானந்தன், அ.ந. கந்தசாமி போன்றோர் அனைவரும் இளைஞர்களே. அச்சங்கத்தின் வழிவந்த 'மறுமலர்ச்சி' சஞ்சிகை 1946 முதல் 1948 வரையான குறுகிய காலமே வெளிவந்தது. ஆயினும் ஈழத்துச் சிறுகதை வரலாற்றை எழுதும் எவரும் அதனைத் தவிர்த்துச் செல்ல முடியாது. ஒருவர் எழுத்தை மற்றவர் வாசித்து விவாதித்த சூழலே அதற்குக் காரணமெனலாம்.

1946இல் தோன்றி, 1950களின் நடுப்பகுதியிற் புத்துயிர் பெற்ற இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், எழுத்தாளர்களைப் பிரதேசங்களைக் கடந்து ஒன்றிணைக்க முடியும் என்பதை எடுத்துக்காட்டியது. மக்களின் பேச்சுவழக்கு இலக்கியத்தில் இடம்பெறலாமா என 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபு பற்றிய விவாதத்தில் அச்சங்கத்தினர் கொண்ட நிலைப்பாடு, பின்வந்த எழுத்தாளர்களுக்கு வழி திறந்துவிட்டது. அதேவேளை, கருத்து முரண்பாடு முற்றியபோது எஸ். பொன்னுத்துரை போன்றோர் அதிலிருந்து விலகி 'நற்போக்கு' என்ற தனி வழியை வகுத்துக்கொண்டனர். ஒரே கொள்கையை உறுப்புரிமைக்கான நிபந்தனையாகக் கொள்ளும் அமைப்புக்கு வலிமையும் உண்டு, அதற்குரிய விலையும் உண்டு என்பதற்கு இவ்வரலாறே சான்றாகும்.

மற்றொரு வழியை டொமினிக் ஜீவா காட்டினார். 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் அவர் ஆரம்பித்த 'மல்லிகை' ஒரு சஞ்சிகையேயாயினும் நடைமுறையில் அது ஒரு வலையமைப்பாகவே இயங்கியது. 1970களில் நீர்கொழும்பு, திக்குவல்லை முதலான இடங்களுக்கெனச் சிறப்பிதழ்களை வெளியிட்டு, தமிழிலக்கிய வரைபடத்தில் அதுவரை இடம்பெறாத ஊர்களின் இளைஞர்களை அது நாடறியச் செய்தது. ஆசிரியர் தாமே ஊரூராகச் சென்றார், சந்தித்தார், எழுதத் தூண்டினார். யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பின்னரும் இதழை நிறுத்தவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட இதழ்களைக் கண்ட 'மல்லிகை' 2012ஆம் ஆண்டுடன் நின்றது. ஜீவா 2021 ஜனவரியிற் காலமானார். தனியொருவரின் உழைப்பு எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதையும், அவர் தளர்ந்ததும் அது எங்கே நின்றுவிடும் என்பதையும் 'மல்லிகை' ஒருங்கே உணர்த்துகின்றது.

புலம்பெயர்ந்தோர் மத்தியில் 1988ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஆரம்பமான இலக்கியச் சந்திப்பு இவை யாவற்றிலிருந்தும் வேறுபட்டது. அதற்கு நிரந்தரத் தலைவருமில்லை, தலைமைச் செயலகமுமில்லை. ஒரு நகரத்தவர் நடத்தி முடித்ததும் அடுத்த சந்திப்பை மற்றொரு நகரத்தவர் பொறுப்பேற்கின்றனர். உள்முரண்பாடுகளும் கடுமையான வாக்குவாதங்களும் அங்கே குறைவில்லை. இருப்பினும் அது கால் நூற்றாண்டு கடந்து, 2013ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் கூடியது. பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தமையே அதன் நீடிப்புக்கான முதன்மைக் காரணம்.

வட்டம் ஒன்று இயங்கும் முறை

இவ்வனுபவங்களிலிருந்து பெறக்கூடிய நடைமுறைப் பாடங்கள் யாவை? முதலில் தனியொரு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேர் முதல் பதினைந்து பேர் வரை உள்ள வட்டமே நன்கு இயங்கும். அதற்குக் குறைந்தால் இருவர் வராதபோது கூட்டம் நடைபெறாது. அதற்கு மேற்பட்டால் அது கூட்டமாகி, பேச்சாளர் என்றும் கேட்போர் என்றும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

நாளும் நேரமும் மாறாதிருத்தல் இன்றியமையாதது. மாதந்தோறும் தவறாது வரும் போயா விடுமுறை பல ஊர்களுக்கு வசதியானது. கொழும்பில் வலம்புரி கவிதா வட்டத்தினர் பௌர்ணமி தினங்களிற் கவியரங்கு நடத்தி வந்தமை இதற்கு நல்லதோர் உதாரணம். எனினும் எல்லா ஊருக்கும் ஒரே விதி பொருந்தாது. முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமையையும் நோன்புக் காலத்தையும், கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு காலையையும் கவனத்திற் கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகின்றது என்பதை அறிந்தே கூட்டத்தை முடிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் வட்டத்திற்குப் பெண்கள் வருவதில்லை எனக் குறைகூறுவோர் அந்த நேரத்தைத் தெரிவுசெய்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இடத்திற்குப் பெரும் மண்டபம் தேவையில்லை. சனசமூக நிலையம், பிரதேச சபை நூலகத்தின் வாசிப்பு அறை, விடுமுறை நாளிற் பாடசாலை வகுப்பறை ஆகியவற்றுள் எதுவும் போதும். தனியார் வீடுகளைத் தவிர்த்தல் நல்லது. வீட்டுக்காரருடன் மனத்தாங்கல் ஏற்பட்டால் வட்டமும் வெளியேற நேரிடும்.

ஒரு கூட்டத்தில் மூன்று ஆக்கங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாகாது. அவற்றின் பிரதிகள் ஒரு வாரத்திற்கு முன்னரே உறுப்பினர் கையிற் கிடைத்திருக்க வேண்டும். இன்று கைத்தொலைபேசி வழியாக இது செலவின்றியே நிறைவேறக்கூடியது. கூட்டத்தில் ஆசிரியர் தமது ஆக்கத்தின் ஒரு பகுதியை வாசித்ததும் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை அவர் வாய்திறவாதிருத்தல் வேண்டும். தாம் சொல்ல நினைத்ததற்கும் எழுத்திற் பதிவானதற்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் அவருக்குப் புலப்படும். பேசுவோரும் 'நன்று', 'போதாது' எனத் தீர்ப்புரைக்காமல், எந்த இடத்தில் வாசிப்புத் தடைப்பட்டது, எந்த வரி மனத்தில் நின்றது என்று பிரதியைத் தொட்டே பேச வேண்டும். மூத்தவர் இறுதியிற் பேசுவது நல்ல மரபு. அவர் முதலிற் பேசிவிட்டால் இளையவர் அனைவரும் அதையே வழிமொழிவர்.

'அரைப்பேர்'

இவ்விடத்தில் இக்கட்டுரையாளரின் அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். 1990களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக மாணவனாக இருந்த காலத்தில், மலையக நகரமொன்றில் இயங்கிய வட்டம் ஒன்றின் கூட்டறிக்கையை எழுதும் பொறுப்பு எனக்கிருந்தது. ஒரு முறை அயலிலுள்ள தோட்டத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் ஒரு கதையைக் கொண்டுவந்தார். காய்ச்சலுடன் மலைக்குச் சென்று போதிய கொழுந்து எடுக்க முடியாத தாய்க்கு அன்று 'அரைப்பேர்' போடப்படுகின்றது. வீடு திரும்பும் தாயை நோக்கி, 'உன் பெயரில் எந்தப் பாதியை அம்மா வெட்டிவிட்டார்கள்?' என்று சிறுபிள்ளை கேட்பதுடன் கதை முடிகின்றது.

தலைமை வகித்த மூத்த எழுத்தாளர், 'அரைப்பேர்' என்பது பிழையான பிரயோகம், 'அரைநாட் சம்பளம்' என்று திருத்த வேண்டும் என்றார். 'பிரட்டு' என்ற சொல்லையும் அவ்வாறே நீக்கச் சொன்னார். அவர் தீய நோக்குடன் அதனைச் சொல்லவில்லை. நல்ல தமிழைக் கற்றுக்கொடுப்பதாகவே கருதினார். ஆனால் அந்தச் சொல்லை நீக்கினாற் கதையே இல்லை என்பது அங்கிருந்த பலருக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் வாய்திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. 'திருத்தங்கள் முன்மொழியப்பட்டன' என்று கூட்டறிக்கையில் எழுதினேன். அந்தப் பெண் அடுத்த மாதம் வரவில்லை. அதன் பின்னர் ஒருபோதும் வரவில்லை. அவரது கதை எந்த இதழிலும் வெளிவந்ததாக நான் காணவில்லை.

வட்டங்கள் தனித்தனியே இயங்குவதன் ஆபத்து இதில் தெளிவாகின்றது. சிறிய வட்டத்தில் மூத்தவர் ஒருவரின் சொல்லே சட்டமாகிவிடும். அக்கதையைத் தலவாக்கலையிலோ பதுளையிலோ கூடும் மற்றொரு வட்டமும் வாசித்திருந்தால் அத்தீர்ப்பு மாறியிருக்கக்கூடும். வட்டங்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்று இங்கு வற்புறுத்துவதற்கான முதற் காரணம் இதுவே.

இணைப்பு எவ்வாறு அமைய வேண்டும்?

வலையமைப்பு என்றதும் மத்திய குழு, போஷகர், ஆயுட்காலத் தலைவர், மாவட்டக் கிளைகள் என்ற வழமையான படமே நம் கண்முன் தோன்றுகின்றது. அவ்வாறான அமைப்பில் ஊர் வட்டங்கள் தலைநகரிலிருந்து அல்லது யாழ்நகரிலிருந்து வரும் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கும் கிளைகளாகச் சுருங்கிவிடும். வேண்டுவது அதுவன்று. ஒவ்வொரு வட்டமும் தன்னளவிற் சுதந்திரமாக இயங்க, அவற்றின் இணைப்பாளர்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஏதேனும் ஓர் ஊரிற் கூடினாற் போதுமானது. அடுத்த கூட்டத்தை நடத்தும் ஊரே அதுவரை செயலகமாகவும் விளங்கலாம்.

இணைப்பின் முதன்மையான பணி கையெழுத்துப் பிரதிகளின் பரிமாற்றமாகும். மட்டக்களப்பு வட்டத்தின் கதையை மன்னார் வட்டமும், அக்கரைப்பற்றுக் கவிதையை ஹற்றன் வட்டமும் வாசித்து எழுத்திற் கருத்துரைக்கட்டும். எழுவான்கரையின் பேச்சும், மன்னார்க் கடலோரத்தின் பேச்சும், முஸ்லிம் மக்களின் வீட்டு வழக்கும், தோட்டத்து மொழியும் ஒன்றையொன்று சந்திக்கும்போது, எந்தச் சொல் பிழை, எந்தச் சொல் ஓர் ஊரின் செல்வம் என்ற தெளிவு பிறக்கும். விளங்காத சொல்லுக்குப் பொருள் கேட்கலாம், ஆனால் அதனை மாற்றச் சொல்லக்கூடாது என்பதைப் பரிமாற்றத்தின் முதல் விதியாகக் கொள்ளலாம்.

இரண்டாவது பணி ஆண்டுத் தொகுப்பு. ஒரு வட்டத்தின் ஆக்கங்களை வேறு வட்டங்களைச் சேர்ந்தோரே தெரிவுசெய்யும் முறையைக் கையாண்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடமிராது. தொகுப்பைச் சில நூறு பிரதிகளுக்கு மேல் அச்சிட வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. அச்சுச் செலவு எப்போது எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே கூற முடியாத நாட்டில், விற்பனையாகாத நூற்கட்டுகளை வீட்டில் அடுக்கிவைத்திருப்பது எழுத்தாளரின் குடும்பத்துக்கும் சுமையாகும்.

பணமும் பதவியும்

வட்டங்களைக் குலைப்பவை பெரும்பாலும் இலக்கியக் கருத்து வேறுபாடுகள் அல்ல. பணமும் பதவியுமே அவற்றைக் குலைக்கின்றன. சிறு தொகையாயினும் உறுப்பினர் அனைவரும் சந்தா செலுத்துவதும், ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் வரவு செலவை வாசிப்பதும் கட்டாயமாக இருத்தல் வேண்டும். வங்கிக் கணக்கு இருவரின் கையொப்பத்துடன் இயங்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினரிடமிருந்தோ அரசியல்வாதியிடமிருந்தோ கிடைக்கும் பெருந்தொகை மகிழ்ச்சியைத் தரலாம். ஆனால் அடுத்த விழாவின் பிரதம அதிதி யார் என்பதை அதன் பின்னர் வட்டத்தினர் தீர்மானிப்பதில்லை. தேநீருக்கும் பிரதிகளுக்கும் போதுமான சந்தாவே வட்டத்தின் சுதந்திரத்துக்கு உறுதியான பாதுகாப்பாகும்.

இணைப்பாளர் பதவி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரிடம் இருக்கலாகாது. அடுத்துப் பொறுப்பேற்பவர் ஓராண்டுக்கு முன்னரே துணை இணைப்பாளராகப் பழகியிருக்க வேண்டும். கூட்டறிக்கைப் புத்தகம், முகவரிப் பட்டியல், கணக்கேடு, கையெழுத்துப் பிரதிகள் ஆகியவற்றை எழுத்து மூலம் கையளிக்க வேண்டும். ஸ்தாபகர் வெளிநாடு சென்றதும் அல்லது மறைந்ததும் அவருடைய அலுமாரியோடு வட்டத்தின் வரலாறும் மறைந்துபோன கதைகள் நமது ஊர்களிற் பல உண்டு.

இதனுடன் தொடர்புடையது ஆவணப்படுத்தலாகும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஓலைச் சுவடிகளும் அழிந்தன. அதன் பின்னரான போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த சேகரிப்புகளையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பிரதி ஓரிடத்தில் மட்டும் இருப்பது பாதுகாப்பன்று என்பதை நம்மைப் போல அனுபவித்து உணர்ந்தோர் சிலரே. ஆகையால் வட்டங்கள் வெளியிடும் சிறு பிரசுரத்திற்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் சர்வதேச நியம நூல் இலக்கத்தைப் பெற்று, ஊர் நூலகத்திற்கும் மாவட்ட நகரின் நூலகத்திற்கும் பிரதிகளை வழங்க வேண்டும். 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்திற்கும் ஒரு பிரதியை அனுப்புதல் அவசியம். ஒரு தபாற் செலவு ஒரு வட்டத்தின் உழைப்பை அழிவிலிருந்து காக்கக்கூடும்.

முதற்படி

இவ்வளவையும் யார் செய்வது என்ற வினா எழலாம். அரசாங்கத் திணைக்களத்தின் ஆணைக்காகவோ புதிய சங்கம் ஒன்றின் அங்குரார்ப்பணத்துக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை. 2000இல் ஆரம்பித்த 'ஞானம்', 2007இல் அல்வாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'ஜீவநதி' போன்ற சஞ்சிகைகள் யாவும் சிலரின் முனைப்பாலேயே தோன்றியவை. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் இரு வட்டங்கள் அடுத்த மாதம் தம்மிடமுள்ள இரண்டு ஆக்கங்களைப் பரிமாறிக்கொண்டால் வலையமைப்பு பிறந்துவிட்டது என்றே பொருள். மூன்றாவது வட்டம் தானாகவே வந்து சேரும்.

தமிழாசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. தமிழ்மொழித் தினப் போட்டியில் ஆக்க எழுத்துக்காகப் பரிசுபெறும் மாணவருக்குச் சான்றிதழுடன் அவரது ஊருக்கு அண்மையிலுள்ள வட்டத்தின் முகவரியையும் கூட்ட நாளையும் எழுதிக் கொடுத்தாற் போதும். பாடசாலையின் படலையைத் தாண்டியதும் எழுத்து நின்றுவிடும் நிலை அதனாற் பெருமளவிற்குத் தவிர்க்கப்படும்.

போருக்குப் பின்னரான காலத்தில் நமது வாழ்வைப் பற்றி எழுதப்பட வேண்டியவை ஏராளம். அவற்றை அனுபவித்தவர்கள் பெரும்பாலும் நகரங்களில் இல்லை. முல்லைத்தீவின் மீள்குடியேற்றக் கிராமங்களிலும், எல்லையோர ஊர்களிலும், லயன் அறைகளிலும் வாழ்கின்றனர். அவர்களிடம் சொற்களும் இருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கதையைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிய அந்தப் பெண்ணைப் போல இன்னொருவர் நாளை ஒரு வட்டத்தின் வாயிலில் வந்து நிற்கக்கூடும். அவர் எழுதியதைப் பொறுமையாக வாசித்து, அவருடைய சொல்லை அவருடையதாகவே விட்டுவைத்து, அடுத்த கூட்டம் எந்த நாளில் என்று சொல்லி அனுப்ப அங்கு எவரேனும் இருக்க வேண்டும்.